தலைப்பிரட்டையா, வால்மாக்ரியா?

‘தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் வகுப்பறையில் உயிரியலை உண்மையில் எப்படிக் கற்கிறார்கள்?’ என்ற இக்கேள்விக்கு, பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழி வகுப்பு எடுக்கும் ஆசிரியை என்ற முறையில் பதில் எழுதுகிறேன். எதைக் காட்டினாலும் அதற்குச் சொந்தமாக ஒரு விளக்கத்தைக் குழந்தைகள் ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். அதை அவர்கள் வாயாலேயே கேட்டறியாமல் பாடத்தைத் தொடங்கினால், புத்தகத்தில் உள்ளது தேர்வுக்கு, தாங்கள் நினைப்பது வீட்டுக்கு என்று இரண்டும் தனித்தனியே தங்கிவிடுகின்றன.

ஜூன் மழையில் வயலோரக் குட்டையிலிருந்து தலைப்பிரட்டைகளை மொண்டு வந்து நான்காம் வகுப்பில் வைத்தபோது, பெரும்பாலோர் “மீன் குஞ்சு டீச்சர்” என்றார்கள். வீட்டில் மலையாளமும் பேசும் ஒரு சிறுமி மட்டும், “இது வால்மாக்ரி, தவளைதான்” என்றாள். மாக்ரி என்றால் மலையாளத்தில் தவளை. பாதிப் பாடம் பெயரிலேயே இருக்கிறது. நம்முடைய சொல்லோ அது எதுவாக வளரும் என்பதைச் சொல்வதில்லை. எல்லைப்புறப் பிள்ளைகளுக்கு இரு மொழி இடைஞ்சல் என்போர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

யார் சொல்வது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லாமல், அடுத்து என்ன மாறும் என்று ஆளுக்கொரு படம் வரையச் சொன்னேன். பலரும் முன்கால்களையே முதலில் வரைந்திருந்தார்கள். சில வாரங்களில் பின்கால்கள் முதலில் எட்டிப் பார்த்தபோது, படம் பொய்த்துப்போனவர்கள்தாம் பாட்டிலை விட்டு நகரவே இல்லை.

ஒரு தவற்றையும் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு நான் குளோரின் கலந்த குழாய் நீரை அப்படியே ஊற்றிவிட்டேன்; மறுநாள் காலை எல்லாம் செத்து மிதந்தன. “அந்தத் தண்ணியத்தானே டீச்சர் நாமளும் குடிக்கிறோம்?” என்று ஒருவன் கேட்டான். நாம் அதைக் குடிக்க மட்டும் செய்கிறோம், அவை அதிலேயே செவுளால் மூச்சு விடுகின்றன என்று விளக்க வேண்டி வந்தது. எந்தப் படமும் செவுளை அவ்வளவு தெளிவாகப் புரியவைத்ததில்லை.

செடி மண்ணைத் தின்று வளர்கிறது என்ற நம்பிக்கை இன்னும் கெட்டியானது. ஈரத்துணியில் பச்சைப்பயறு முளைத்தாலும், “நட்டா மண்ணைத் தின்னும்” என்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டு அறிவியலாளர் வான் ஹெல்மாண்ட் ஐந்தாண்டுகள் தொட்டியில் வளர்த்த வில்லோ மரம் 70 கிலோவுக்கு மேல் எடை கூடியது. மண்ணோ 60 கிராம்கூடக் குறையவில்லை. 1648இல் வெளியான அந்தக் குறிப்பில், எடை முழுவதும் தண்ணீரிலிருந்தே வந்தது என்றுதான் அவரே முடிவு கட்டியிருந்தார். ஆகவே, செடியின் எடையில் காற்றிலுள்ள கரியமில வாயுவுக்கும் பங்கு உண்டு என்பதை நான்காம் வகுப்புப் பிள்ளை உடனே நம்பவில்லை என்பதற்காக மதிப்பெண்ணைக் குறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.