அம்மா ஏன் பஸ்ஸ விட்டு இறங்கல?

கேள்வி: எனக்கு வயசு 43, சென்னையில ஐடி வேலை. அப்பா தவறி ரெண்டு வருஷம் ஆச்சு. அம்மாவுக்கு 67, கும்பகோணத்துல தனியா இருக்காங்க, சுகர், பிபி ரெண்டுக்கும் மாத்திரை போடறாங்க. அப்பாவோட பென்ஷன், பேங்க் எல்லாம் நான்தான் பாத்துக்கறேன், அம்மாவுக்கு ஒரு தொந்தரவும் வைக்கறதில்ல. இந்த ஏப்ரல்ல அம்மா, மனைவி, ரெண்டு பசங்களோட பத்து நாள் யூரோப் குரூப் டூர் போனோம். கடைசி மூணு நாள் நெதர்லாந்து. அதுவரைக்கும் நல்லா வந்தவங்க அங்க போனதும் மாறிட்டாங்க. கூக்கன்ஹாஃப் டூலிப் தோட்டத்துல பெஞ்சுலயே உக்காந்துட்டாங்க. ஆம்ஸ்டர்டாம்ல போட்ல ஏறல, தலை சுத்துதுன்னாங்க. கிண்டர்டைக்ல காற்றாலை பாக்க பஸ்ஸ விட்டே இறங்கல. மதுரோடாம்ங்கற மினியேச்சர் பார்க்குல மட்டும் குரூப்ல வந்த ஒரு கோயம்புத்தூர் ஆன்ட்டி கூட நல்லா சுத்துனாங்க, எங்க கூட வரதுதான் பிடிக்கல போல. அதுக்கு முன்னாடி ஒரு வாரம் பூரா டாய்லெட்டுக்கு காசு கேக்கும்போதெல்லாம் "ஒண்ணுக்குப் போக நூறு ரூபாயா"ன்னு புலம்பல், பெல்ஜியம் ஹைவேல நான் கூட "இப்பதானேம்மா போனீங்க"ன்னு சொன்னேன், பஸ்ஸே சிரிச்சுது. நல்லவேளை நெதர்லாந்து போனப்புறம் அந்தப் புலம்பல் நின்னுச்சு. ஊருக்கு வந்ததும் அவங்களுக்கு காய்ச்சல், டாக்டர் யூரின் இன்ஃபெக்ஷன்னார், குளிர் ஒத்துக்கல. எங்களுக்கு மிஞ்சினது பசங்க உண்டியல்ல கெடக்கற 23 யூரோ சில்லறை, அத இங்க மாத்தக்கூட முடியல. இப்ப போன் பண்ணா அம்மா ரெண்டு வார்த்தையோட வச்சிடறாங்க. இவ்ளோ செலவு பண்ணி கூட்டிட்டுப் போனதுக்கு இதுதானா பலன்? இனிமே அவங்கள எங்கயும் கூட்டிட்டுப் போக வேணாம்ங்கறா என் மனைவி.

பதில்: தம்பி, ஏப்ரல் மே முடிஞ்சு ஜூன் பொறந்தா இந்த லெட்டர் எனக்கு வர ஆரம்பிச்சிடும். ஒரு வருஷம் சிங்கப்பூர், ஒரு வருஷம் காசி, இந்தத் தடவ நெதர்லாந்து, ஊர்தான் மாறுது. நீங்க நல்ல புள்ள, வயசானவங்க அப்படித்தான் இருப்பாங்கன்னு நான் எழுதுவேன்னு பாத்துட்டு இருப்பீங்க. எழுத மாட்டேன். உங்க லெட்டர்ல ஒரு வரிய மட்டும் நாலு தடவ படிச்சேன், நாலாவது தடவ எனக்கு வயிறு எரிஞ்சுது.

"நல்லவேளை நெதர்லாந்து போனப்புறம் அந்தப் புலம்பல் நின்னுச்சு."

ஏன் நின்னுச்சுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா? ஏழு நாள் கேட்ட அம்மா எட்டாவது நாள்லேர்ந்து கேக்கல. சுகர் இருக்கற 67 வயசுப் பொம்பளைக்கு, அதுவும் ஏப்ரல் மாசத்து அந்த ஊர் குளிர் காத்துல, நம்ம வீட்டு சின்னப் பசங்களுக்கே ஒண்ணுக்கு அடிக்கடி வரும்ங்கற எடத்துல, அவங்களுக்கு மட்டும் எப்படி வராம போச்சு? தண்ணி குடிக்கறத நிறுத்திட்டாங்க தம்பி. பெல்ஜியத்துல முன்ன பின்ன தெரியாத அத்தனை பேர் முன்னாடி "இப்பதானேம்மா போனீங்க"ன்னு நீங்க கேட்ட அன்னிக்கே வாயக் கட்டிட்டாங்க. காலைல ஹோட்டல்ல மாத்திரை முழுங்க அரை டம்ளர், அதுக்கப்புறம் ராத்திரி ரூமுக்கு வந்துதான். நான் இத கண்ணால பாத்தவ மாதிரி எழுதறேன்னு நினைப்பீங்க. இதே மாதிரி ஒரு குரூப்ல நானும் போயிருக்கேன், எனக்கு முன் சீட்டுல இருந்த அம்மாவோட வாட்டர் பாட்டில் மூடியே திறக்காம மூணு நாள் அந்த வலைப் பையில ஆடிட்டே வந்துச்சு, கேட்டதுக்கு தாகமே எடுக்கலம்மான்னாங்க, உதடு ரெண்டும் வெடிச்சுக் கெடந்துச்சு.

இப்ப உங்க கம்ப்ளைன்ட் ஒவ்வொண்ணையும் திருப்பி எடுத்துப் பாருங்க. தலை சுத்துதுன்னு போட்ல ஏறல. தண்ணியே குடிக்காதவங்களுக்கு தலை சுத்தாம என்ன பண்ணும், அதோட அந்த கண்ணாடிக் கூரை போட்ல ஏறினா ஒரு மணி நேரம் நடுவுல இறங்க முடியாது, அவங்க பயந்தது அதுக்கு. கூக்கன்ஹாஃப் 32 ஹெக்டேர், நம்ம கணக்குல 80 ஏக்கர் இருக்கும், 70 லட்சம் கிழங்கு நட்டு வருஷத்துல எட்டு வாரம் மட்டும் திறந்து வைக்கற எடம், அதுக்குள்ள ரொம்ப தூரம் போயிட்டா திரும்பி டாய்லெட்டுக்கு வர எவ்ளோ நேரம் ஆகும்னு அவங்க மனசுல கணக்கு ஓடியிருக்கும். அதான் பெஞ்சு. அந்த டூர் பஸ்ல பின்னாடி ஒரு டாய்லெட் இருந்திருக்கும், பெரும்பாலும் பூட்டியேதான் வச்சிருப்பாங்க, ஆனா பஸ்ஸ விட்டு இறங்காதவங்களுக்கு நடக்க வேண்டாம், அடக்கிட்டு உக்காந்துக்கலாம். ஊருக்கு வந்து மூத்திரத்துல கிருமி, காய்ச்சல். இதுக்கு குளிர் மேல பழி போடறீங்க. தண்ணி குடிக்காம அடக்கி அடக்கி வச்சா என்ன வரும்னு உங்க டாக்டர்கிட்டயே கேளுங்க.

அந்த ஊர்ல இந்த டாய்லெட் விஷயம் லேசுப்பட்டது இல்ல, அதையும் சொல்லிடறேன். நிறைய எடத்துல 50 சென்ட்லேர்ந்து ஒரு யூரோ வரைக்கும் கேப்பாங்க. காச போட்டாதான் திறக்கற கேட் இருக்கும், இல்லன்னா வாசல்ல ஒரு அம்மா சின்னத் தட்டு வச்சுட்டு உக்காந்திருப்பாங்க, தட்டுல காசு விழற சத்தம் கேட்டாதான் நமக்கு உள்ள போக தைரியம் வரும். ஆம்ஸ்டர்டாம் தெருவுல ஆம்பளைங்களுக்கு திறந்தவெளி யூரினல் முப்பதுக்கும் மேல இருந்த காலத்துல பொம்பளைங்களுக்கு விரல் விட்டு எண்ணிடலாம். 2015-ல ஒரு பொண்ணு வேற வழியில்லாம ராத்திரி தெருவுல ஒதுங்கினதுக்கு போலீஸ் ஃபைன் போட்டுச்சு, 2017-ல கோர்ட்டுக்குப் போனா ஜட்ஜ் ஆம்பளைங்க யூரினல யூஸ் பண்ணியிருக்கலாமேன்னு சொல்லிட்டார், ஊரே கொதிச்சுப் போச்சு. அப்புறம் 2024-லதான் புது டாய்லெட் கட்ட 40 லட்சம் யூரோ ஒதுக்கறோம்னு நகராட்சி சொல்லுச்சு. அந்த ஊர்ப் பொண்ணுங்களே கோர்ட் வரைக்கும் போய் சண்டை போட்ட விஷயம் இது, உங்க அம்மா பாஷை தெரியாம, கையில காசு இல்லாம, புள்ளைகிட்ட கேக்க வாய் வராம என்ன பண்ணுவாங்க?

கையில காசு இல்லாம. இதுதான் தம்பி விஷயமே. ஒரு யூரோ அம்மா கைல ஏன் இல்ல? டூர் முடியற அன்னிக்கு டிரைவருக்கும் கைடுக்கும் டிப்ஸ் கவர் போட்டிருப்பீங்களே, அஞ்சு பேருக்கும் சேத்து, அதுக்கு நீங்க யோசிச்சிருக்கவே மாட்டீங்க. உங்க பசங்க கையில கூட சில்லறை இருந்திருக்கு, இல்லன்னா உண்டியல்ல 23 யூரோ எப்படி வந்துச்சு? பஸ்ல இருந்த உங்க குடும்பத்துல காசே இல்லாத ஒரே ஆள் உங்க அம்மா. அதுவும் பென்ஷன் வாங்கற அம்மா. "எல்லாம் நான்தான் பாத்துக்கறேன், ஒரு தொந்தரவும் வைக்கறதில்ல"ன்னு பெருமையா எழுதியிருக்கீங்க. அந்த ஏடிஎம் கார்டு இப்ப யார் பர்ஸ்ல இருக்கு? எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அப்பா இருந்த வரைக்கும் அரிசி டப்பால, அஞ்சறைப் பெட்டில அம்மா கைல நாலு காசு இருந்திருக்கும், கேக்காமயே எடுத்து செலவு பண்ணியிருப்பாங்க, உங்களுக்கே ஸ்கூல் டூருக்கு அதுலேர்ந்துதான் எடுத்துக் கொடுத்திருப்பாங்க. புருஷன் போன பொம்பளைக்கு சோறு துணிய விட பெரிய விஷயம் கைல இருக்கற காசு. பெத்த புள்ளைகிட்டனாலும் ஒண்ணுக்குப் போகணும் காசு குடுன்னு கை நீட்டறது எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. ஒரு தடவ இல்ல, ஒரு நாளைக்கு நாலு தடவ, ஏழு நாள். "நூறு ரூபாயா"ன்னு அவங்க புலம்பினது கஞ்சத்தனம் இல்ல, உங்க காசு செலவாகுதேன்னு கூசினது. இத நான் யாருக்காகவும் மாத்திக்க மாட்டேன், அம்மாவுக்கு செய்யறதுன்னா அவங்க கேக்கறதுக்கு முன்னாடி செய்யணும், கேக்க வச்சு செஞ்சா அது செஞ்ச கணக்குல வராது.

கோயம்புத்தூர் ஆன்ட்டி கூட சுத்துனாங்கன்னு உங்களுக்கு வருத்தம். அந்த அம்மா கைல ஒரு பர்ஸ் இருந்திருக்கும், வாங்கக்கா நானும் போகணும்னு கைய புடிச்சு கூட்டிட்டுப் போயிருப்பாங்க, கேக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. அவங்க நம்பர் இருந்தா போன் பண்ணி நன்றி சொல்லுங்க. மதுரோடாம் எப்படி வந்துச்சுன்னு கைடு சொன்னாரா? ஜார்ஜ் மதுரோன்னு ஒரு பையன், ஜெர்மன்காரங்கள எதிர்த்து நின்னவன், 1945-ல டாக்காவ் வதை முகாம்ல செத்துட்டான், அவன் நெனைவா இருக்கட்டும்னு அப்பா அம்மா கொடுத்த பணத்துல 1952-ல திறந்த எடம் அது. புள்ள பேருக்காக பெத்தவங்க எழுப்பினது. அந்த குட்டி குட்டி வீடுங்களுக்கு நடுவுல நிக்கும்போது இத உங்க அம்மாகிட்ட ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா அவங்களவிட நல்லா புரிஞ்சுக்கறவங்க அந்த குரூப்ல யாரும் இருந்திருக்க மாட்டாங்க.

கிண்டர்டைக்கும் அப்படித்தான். பெரும்பாலும் 1740 வாக்குல கட்டின 19 காற்றாலை, தாழ்வான நிலத்துல தேங்கற தண்ணிய காத்தால எறைச்சு ஆத்துக்குத் தள்றதுக்கு. காவிரிக் கரைல பொறந்து ஏத்தமும் மடையும் வடிகாலும் பாத்து வளந்த பொம்பளை உங்க அம்மா, அந்த ஊர்ல அவங்களுக்குன்னே இருந்த ஒரே எடம் அதுதான், அதப் போய் பஸ் கண்ணாடி வழியா பாத்துட்டு வந்திருக்காங்க. எனக்கு இதுதான் ஆறவே மாட்டேங்குது.

உங்க மனைவி சொன்னதுக்கு நான் அவங்கள திட்டப் போறதில்ல, அவங்களுக்கு நீங்க சொன்ன கதைதான் தெரியும். இந்த பதில அவங்ககிட்ட படிக்கக் கொடுங்க. பசங்ககிட்டயும் நீங்களே சொல்லுங்க, பாட்டி விஷயத்துல அப்பா தப்பு பண்ணிட்டேன்னு, அந்த வார்த்தையிலயே. அப்பா சிரிச்சத பாத்து வளர்ற புள்ளைங்க, நாளைக்கு உங்களுக்கும் 67 வரும்.

இந்த சனிக்கிழமை கும்பகோணம் கிளம்புங்க, தனியா. போன்ல பேசற விஷயம் இல்ல இது. புடவை ஸ்வீட்டெல்லாம் தூக்கிட்டுப் போகாதீங்க, ஏடிஎம் கார்டையும் பாஸ்புக்கையும் எடுத்துட்டுப் போங்க. அவங்க கைல கொடுத்துட்டு பேங்க்குக்கு கூட்டிட்டுப் போய் மெஷின்ல அவங்களே எடுக்கற வரைக்கும் பக்கத்துல நில்லுங்க, பின் நம்பர அவங்களே மாத்தட்டும், நீங்க திரும்பி நின்னுக்கோங்க. அதெல்லாம் எனக்கெதுக்குப்பா நீயே வச்சுக்கோம்பாங்க. முதல் தடவ அப்படித்தான் சொல்வாங்க, அத சாக்கா வச்சு திரும்ப பர்ஸ்ல போட்டுட்டு வந்தீங்கன்னா எனக்கு இன்னொரு லெட்டர் எழுதாதீங்க. அன்னிக்கு பஸ்ல நான் அப்படி கேட்டிருக்கக் கூடாதும்மான்னு சொல்லுங்க. விளக்கம் வேணாம், அந்த ஒரு வரி போதும். அவங்க உடனே பேச்ச மாத்தி சாப்பிட்டியான்னு கேப்பாங்க, சாப்பிடுங்க.

அடுத்த டூர் கண்டிப்பா போங்க, அவங்க வரேன்னா. முதல் நாள் ஏர்போர்ட்லயே அம்மா இடுப்புப் பைல முப்பது யூரோ சில்லறையா போட்டு ஜிப்ப மூடி கொடுத்துடுங்க, கணக்கு கேக்காதீங்க. பஸ் எங்க நின்னாலும் பசங்கள விட்டு "பாட்டி வாங்க நாங்களும் போறோம்"னு கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி, அந்த உண்டியல்ல இருக்கற 23 யூரோவ எடுத்து ஒரு சுருக்குப் பைல போட்டு சனிக்கிழமை கூடவே கொண்டு போங்க. மாத்த முடியலன்னா பரவால்ல, அது அவங்ககிட்ட இருக்கட்டும்.