கர்ப்பப்பை அறுவைக்குப் பின் ஒரு கால் மட்டும் வலுவிழப்பது ஏன்?

கர்ப்பப்பையை எடுத்த பிறகு அம்மாவுக்கு ஒரு பக்கத் தொடை மரத்துப்போய், படி இறங்கும்போது முட்டி மடங்குகிறது, முதுகில் போட்ட ஊசிதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாவம், அந்த ஊசி மேல்தான் எல்லாப் பழியும் விழும். ஆனால் அந்த மருந்து பொதுவாக இரண்டு காலையும் மரக்கச் செய்யும், சில மணி நேரத்தில் இறங்கிவிடும். நீங்கள் சொல்வது தொடை நரம்பு அழுந்தியதுபோல் இருக்கிறது. வயிற்றைத் திறந்து பிடிக்கும் விரிப்பானின் தகடு, இடுப்புக்குள் இருக்கும் சோவாஸ் தசையை நெடுநேரம் அழுத்தினால் பக்கத்தில் ஓடும் இந்த நரம்பு நசுங்கும். முட்டியை நீட்டும் தசைக்கு இதுதான் கட்டளை தருகிறது. ஒல்லியானவர்களுக்கு ஆபத்து அதிகம்.

கால்களைத் தூக்கிக் கட்டிச் செய்யும் அறுவையிலும் நரம்பு பாதிக்கலாம். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1994இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிப் படுக்க வைத்தவர்களில் சுமார் 3,600 பேருக்கு ஒருவருக்குக் கால் தசை பலவீனம் நீடித்தது. அதில் பெரும்பாலும் அடிபட்டது முட்டிக்கு வெளிப்புறம் ஓடும் நரம்பு, அது போனால் பாதம் தொங்கும்.

அழுத்தத்தால் வந்தது பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தேறும். அதுவரை பிசியோதெரபி, படியில் துணைக்கு ஆள். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். தசை மின்பரிசோதனை மூன்று வாரம் கழித்துத்தான் தெளிவாகக் காட்டும். இரண்டு காலும் பலவீனமானாலோ சிறுநீர் அடைத்தாலோ மட்டும் காத்திருக்காதீர்கள், உடனே அவசரப் பிரிவு.