நியூயார்க் பயணம்: தூரம் ஒன்று, நேரம் ஏன் இரண்டு?

கேள்வி: நியூயார்க்கில் வேலை பார்க்கும் என் மகனைக் காண, 71 வயதான என் தாயாரை ஜூன் மாதம் அழைத்துச் செல்ல இருக்கிறேன். 'நேரடி' என்று காட்டும் இரண்டு பயணச்சீட்டுகளில் ஒன்றுக்கு 18 மணி 40 நிமிடமும், மற்றொன்றுக்கு ஏறத்தாழ 24 மணி நேரமும் ஆகும் என்கிறார்கள். முதல் சீட்டின் விலையும் மிக அதிகம். கூடுதல் வெள்ளி கொடுப்பது தகுமா?
(வாசகர், ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: சிக்கல் 'நேரடி' என்ற சொல்லிலேயே இருக்கிறது. எங்கும் இறங்காமல் செல்வது 'நான்-ஸ்டாப்'. வழியில் ஓர் ஊரில் இறங்கினாலும் அதே பயண எண்ணுடன் தொடர்ந்தால், அதையும் 'டைரக்ட்' என்று விற்பது விமானத் துறையின் நெடுநாள் வழக்கம். உங்களுடைய இரண்டாவது சீட்டு ஃபிராங்ஃபர்ட் வழியாகச் செல்வதாக இருக்கலாம்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்திற்கு மிகக் குறுகிய கோடு ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர். அது வட துருவத்தை ஒட்டிச் செல்கிறது. ஆனால் இங்கிருந்து புறப்படும் நான்-ஸ்டாப் விமானம், மேற்கிலிருந்து வீசும் பலத்த மேல்வானக் காற்று பின்னாலிருந்து தள்ளட்டும் என்று, பெரும்பாலும் வட பசிபிக் வழியாகச் சுற்றிப் போகிறது. அருகிலுள்ள நியூவார்க்கிற்கு 2018இல் சேவையை மீண்டும் தொடங்கியபோது, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அறிவித்த தூரமே ஏறத்தாழ 16,700 கிலோமீட்டர். ஃபிராங்ஃபர்ட் வழியும் வரைபடத்தில் ஏறக்குறைய 16,500தான். ஆனால் அதில் எதிர்க்காற்று, இருமுறை தரையிறக்கம், இடையில் காத்திருப்பு எல்லாம் சேர்கின்றன. கிலோமீட்டரைப் பார்த்துச் சீட்டு வாங்குவதில் பயனில்லை.

விலை வேறுபாட்டுக்கு வேறொரு காரணமும் உண்டு. நான்-ஸ்டாப் சேவைக்கென அமைத்த ஏர்பஸ் ஏ350-900யுஎல்ஆர் விமானத்தில் பிசினஸ் வகுப்பில் 67, பிரீமியம் எக்கானமியில் 94 என மொத்தம் 161 இருக்கைகளே உள்ளன. சாதாரண எக்கானமி வகுப்பே கிடையாது. ஆகவே நீங்கள் ஒப்பிட்டது பெரும்பாலும் இரு வேறு வகுப்புகளின் விலையை. ஃபிராங்ஃபர்ட் வழிக்கும் பிரீமியம் எக்கானமி விலையைக் கேட்டுப் பாருங்கள். இடைவெளி சிறிதென்றால், என் தாயாராக இருந்தால் நான்-ஸ்டாப்பையே வாங்குவேன். அரைத் தூக்கத்தில் அவரை எழுப்பி, இறக்கி, மீண்டும் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்த மனம் வராது. ஆனால் கால் வீக்கமோ இரத்தக்கட்டுத் தொல்லையோ இருந்தவர் என்றால், 18 மணி நேரத் தொடர் பயணத்தைப் பற்றி மருத்துவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

தேதியிலும் கவனம் தேவை. சீட்டில் 7ஆம் தேதி நள்ளிரவு 12.05 என்று இருந்தால், 6ஆம் தேதி இரவே சாங்கியில் இருக்க வேண்டும். ஒரு நாள் பிந்திப் போய் ஏமாந்தவர்கள் உண்டு. ஜூனில் நியூயார்க் நேரம் நமக்கு 12 மணி நேரம் பின்னால் இருப்பதால், 18 மணி 40 நிமிடம் பறந்தும் அதே 7ஆம் தேதி காலை 6.45க்கு இறங்குவீர்கள். குளிர்காலத்தில் வேறுபாடு 13 மணி நேரம் ஆகிவிடும். அப்போது அது 5.45. மகனிடம் தேதியையும் நேரத்தையும் அந்த ஊர்க் கணக்கிலேயே எழுதி அனுப்புங்கள்.