அக்கரைப்பற்றுல இருந்து கட்டுநாயக்காவுக்கு ஹைவேயில போகலாமா?

கேள்வி: மகன் கட்டார் போறான், அக்கரைப்பற்றுல இருந்து வேன்ல ஏர்போட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். எல்லாரும் ஹைவே ஹைவே எண்டுறாங்க, எங்கட பக்கத்தால ஏறேலுமா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: ஏறலாம் அக்கா, ஆனா கிழக்கில ஹைவே இல்ல, தெற்குக்குப் போய்த்தான் ஏறணும். பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய வரைக்கும் ஏ4 றோட்டு, பிறகு தணமல்வில பக்கம் இறங்கி மத்தலையில ஏறினா கொட்டாவ, கடவத்தைன்னு கொழும்பு டவுனுக்குள்ள போகாமலே கட்டுநாயக்கா வரைக்கும் ஹைவேதான். இந்தத் தெற்கு ஹைவேய 2011ல கொழும்புப் பக்கமிருந்து காலி வரைக்கும் திறந்தாங்க, 2014ல மாத்தறை, 2020லதான் அம்பாந்தோட்டை, மத்தல பக்கம் வந்தது, அதுக்குப் பிறகுதான் நமக்கும் இது ஒரு வழி.

கிலோமீட்டர் கணக்குப் பாத்தா இது சுத்துத்தான், பொலன்னறுவை வழி கிட்ட. ஆனா ஹைவேயில சந்தியும் இல்ல, சிக்னலும் இல்ல, வயசானவங்க வேன்ல இருந்தா நான் இந்த வழியத்தான் சொல்லுவன்.

ஏறக்குள்ள டிக்கட் தருவாங்க, தொலைச்சிராதீங்க, இறங்கக்குள்ள அதப் பாத்துத்தான் காசு எடுப்பாங்க. 100க்கு மேல ஓடக்கூடாது, டயர நல்லாப் பாத்துட்டு ஏறுங்க. ஆட்டோ, மோட்டார் சைக்கிள் விடவே மாட்டாங்க. பொத்துவில் தாண்டி வாற லாகுகலைக் காட்டுக்குள்ள யானை றோட்டுக்கு வரும், அதால ராவில கிளம்பவேணாம், விடிஞ்ச பிறகு அந்த இடத்தைக் கடக்கிற மாதிரி பாருங்க. ஃபிளைட் ராவெண்டா இது சரியா வரும், விடியக்காலையெண்டா முதல் நாளே போய்த் தங்கிருங்க.