குழந்தை பால் கொட்டினாலே வெடிக்கும் கோபம்

அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்ந்தீர்கள். இப்போது குழந்தை பால் கொட்டினாலே கத்துகிறீர்கள், கையில் கிடைத்ததை வீசிவிட்டு அழுகிறீர்கள். இதைப் பரம்பரைக் குணம் என்று விட்டுவிடாதீர்கள். அடி எப்போது விழுமோ என்று பயந்தே வளர்ந்த மூளை சாதாரணச் சத்தத்தையும் ஆபத்தாக எடுத்துக்கொள்ளும்.

கத்தல் சராசரியாக வாரம் 2 முறை, 3 மாதம் நீடித்தாலோ, 12 மாதத்தில் 3 முறை பொருளை உடைத்தாலோ, யாரையாவது காயப்படுத்தினாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். குடி, பழைய தலைக்காயம் பற்றிக் கேட்பார், மறைக்காதீர்கள். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சையான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை பலருக்கு உதவுகிறது. சிலருக்கு ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மருந்து தருவார்கள்.

அதுவரை, தாடை இறுகியதுமே குழந்தையை மனைவியிடம் விட்டு, "20 நிமிஷத்தில் வருகிறேன்" என்று சொல்லி நடக்கப் போங்கள். சொல்லாமல் போனால் அவர் பயப்படுவார். நடக்கும்போது சண்டையையே மனதில் ஓட்டாதீர்கள், கோபம் ஏறத்தான் செய்யும்.