ரிவெர்ப் போட்டாலே ரீப்பர் மூடிக்கொள்கிறது, விண்டோஸைப் புதிதாகப் போடட்டுமா?

கேள்வியில் இருப்பது இதுதான்: பாட்டு ரெக்கார்ட் செய்யும் ரீப்பர் மென்பொருளில், எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் பிளக்இன் (துணை மென்பொருள்) ஒன்றைப் போட்டதும் ரீப்பர் மொத்தமாக மூடிக்கொள்கிறது, விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடச் சொல்கிறார்கள், செய்யலாமா?

வேண்டாம். அதற்கே ஒரு நாள் போய்விடும். லைசென்ஸ்களை மறுபடி ஆக்டிவேட் செய்ய இன்னொரு நாள். அப்புறம் அதே பிளக்இன் அதே மாதிரி படுத்துக்கொள்ளும். முதலில் குற்றவாளி யார் என்று பிடியுங்கள்.

காரைக்குடியில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறேன். மார்கழி பிறந்தால் பழனி பாதயாத்திரைப் பாட்டுகள் வர ஆரம்பித்துவிடும். குன்றக்குடியிலிருந்து காவடி கிளம்புவதற்குள் எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் நிதானமாக ஆராய முடியாது என்பதால் நான் போகும் வழி இது.

ப்ராஜெக்டைத் திறக்கும் பெட்டியில், எஃபெக்டுகளை ஆஃப்லைனில் வைத்துத் திறக்கும் ரெக்கவரி தேர்வு இருக்கும். அதை டிக் செய்து திறந்து, வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பாதி பிளக்இன்களை மட்டும் ஆன்லைன் ஆக்குங்கள். மூடிக்கொண்டால் ஆள் அந்தப் பாதியில், இல்லையென்றால் மறுபாதியில். இப்படியே பாதி பாதியாகக் குறைத்தால் சீக்கிரம் அகப்படும். ரிவெர்ப் மேல்தான் சந்தேகம் என்றாலும் இதைச் செய்யுங்கள், பல நேரம் அதே டிராக்கில் இருக்கும் வேறொன்றுதான் காரணமாக இருக்கும்.

கூடவே விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவுகளைப் பாருங்கள். எந்தக் கோப்பில் பிழை என்று அங்கே பெயர் இருக்கும். பிளக்இன் பெயரே இருந்தால் தேடல் முடிந்தது. விண்டோஸின் சொந்தக் கோப்பான என்டிடிஎல்எல் என்று இருந்தால் விண்டோஸ் மேல் பாயாதீர்கள். பிணம் கிடந்த இடம் அது, கொன்றவன் வேறு. கிராபிக்ஸ் டிரைவரின் கோப்பு என்றால், ஜன்னலை வரைவதில்தான் சிக்கல். பாட்டு ஓடும்போது ஒன்றும் ஆகாமல், பிளக்இன் ஜன்னலைத் திறந்தால் மட்டும் விழுந்தால் இதுவாகத்தான் இருக்கும். டிரைவரைப் புதுப்பியுங்கள், அல்லது பிளக்இன் செட்டிங்கில், ஜன்னலை கிராபிக்ஸ் கார்டு வழியாக வரையும் ஓபன்ஜிஎல் இருந்தால் அணைத்துப் பாருங்கள்.

இங்கே யாரும் எழுதாத ஒரு காரணம் உண்டு. தேவகோட்டைத் தம்பி ஒருவர் கொண்டுவந்த லேப்டாப்பில் விண்டோஸ் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருந்தார். அதனால் பயனர் ஃபோல்டரின் பெயரும் தமிழில் இருந்தது. பழைய பிளக்இன்கள் சிலவற்றுக்கு ஆங்கில எழுத்தைத் தவிர வேறெதையும் படிக்கத் தெரியாது, சேமித்துவைத்த அமைப்பான பிரீசெட்டைத் தேடிப் போய் அங்கேயே விழுந்துவிடும். பெயரை மட்டும் மாற்றினால் போதாது, ஃபோல்டர் பழைய பெயரிலேயே இருக்கும். ஆங்கில எழுத்தில் புதுக் கணக்கு ஒன்று தொடங்கியதும் அவருக்குச் சரியாகிவிட்டது.

பிளக்இன் பழைய விஎஸ்டி2 வடிவமா என்றும் பாருங்கள். இந்த வடிவங்களை உருவாக்கிய ஸ்டெயின்பெர்க் நிறுவனம் விஎஸ்டி3-ஐ 2008-லேயே கொண்டுவந்துவிட்டது, 2018-ல் பழையதில் பிளக்இன் எழுதுவதற்கான கருவித்தொகுப்பை (எஸ்டிகே) கொடுப்பதையும் நிறுத்திவிட்டது. இரண்டு வடிவமும் இருந்தால் 64 பிட் விஎஸ்டி3-க்கு மாறுங்கள். ஒலியைக் கொஞ்சம் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரை 1024 சாம்பிள் ஆக்கு என்பார்கள். அது சத்தம் பொரிவதற்கான மருந்து, கிராஷுக்கு அபூர்வமாகத்தான் உதவும். கிராக் பிளக்இன் என்றால் நான் சொன்ன எதுவும் பொருந்தாது, அதைத் தூக்கிப் போடுங்கள்.

அந்தப் பிளக்இன் இல்லாமல் முடியவே முடியாது என்றால், எஃபெக்ட் பட்டியலில் அதன் மேல் ரைட் கிளிக் செய்து, தனி ப்ராசஸாக ஓடும்படி மாற்றுங்கள். எஃப்எல் ஸ்டுடியோ என்ற இன்னொரு இசை மென்பொருளில் இதையே பிரிட்ஜ் என்பார்கள். நோய் தீராது, ஆனால் பிளக்இன் செத்தாலும் ப்ராஜெக்ட் பிழைக்கும். சிபியு கொஞ்சம் கூடுதலாகத் தின்னும்.

ரிவெர்ப்தான் பிரச்சினை என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. ரீப்பரோடு வரும் ரியாவெர்ப், நிஜ இடத்தின் எதிரொலிப் பதிவை ஏற்றிக்கொள்ளும். நம் பக்கத்துப் பெரிய வீட்டு வளவில் பலூன் ஒன்றை ஊதி உடைத்து, அந்தச் சத்தம் முழுதாக அடங்கும் வரை ரெக்கார்ட் செய்து அதில் போட்டுப் பாருங்கள். நாதஸ்வரத்துக்கு நான் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறேன். மின்விசிறிகளை அணைத்துவிட்டு எடுங்கள், ஆச்சியிடம் முன்பே சொல்லிவிடுங்கள், சத்தம் பலமாக இருக்கும்.