குரல் உடையும் பையன்களைக் கொயரிலிருந்து நிறுத்த வேண்டுமா?

நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் சபையில் 11 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளின் கொயரை நடத்தும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். நான் கர்நாடக சங்கீதம் படித்தவள். தனியாகப் பாடுவேன், கொயர் நடத்தியதில்லை. 13, 14 வயதுப் பையன்கள் சிலருக்குக் குரல் உடைகிறது. பாட்டின் நடுவே கீச்சென்று போகிறது. பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) பாடச் சொன்னால் அதுவும் வரவில்லை. வேறு இரண்டு பேர் எந்தப் பாட்டையும் ஒரே சுரத்தில் முனகுகிறார்கள். 'குரல் சரியாகும்வரை இவர்களை உட்கார வையுங்கள்' என்கிறார் மூத்த கொயர் மாஸ்டர். டிசம்பரில் கேரல் ஆராதனை இருக்கிறது. என்ன செய்யட்டும்? கையை எப்படிக் காட்டுவது என்றும் சொல்லுங்கள்."

நிறுத்த வேண்டாம். ஒருவனைக்கூட நிறுத்த வேண்டாம். 13 வயதில் "நீ பாடாதே" என்று கேட்ட பையன் 17 வயதில் தானாகத் திரும்பி வருவது அபூர்வம். உங்கள் சபையில் டெனருக்கும் (ஆண்களின் மேல்குரல்) பேஸுக்கும் ஆள் தேடுகிறார்கள் என்றால், அதற்கான காரணம் பெரும்பாலும் இந்த வயதில்தான் தொடங்கியிருக்கும்.

மூத்தவர் சொல்வதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பழைய வழக்கம். வியன்னாவில் ஆலயக் கொயரில் பாடிவந்த ஹெய்டன், குரல் உடைந்ததும் 1749-இல் வெளியே அனுப்பப்பட்டார். நம் ஊரில் பாய்ஸ் நாடகக் கம்பெனிகள் ஓடிய காலத்தில், மகரக்கட்டு, அதாவது குரல் உடைவு, வந்த பையன் பாட்டு வேடத்தை இழந்துவிடுவான். 19-ஆம் நூற்றாண்டு லண்டனில் இதைப் பற்றிப் பெரிய வாதமே நடந்தது. தொண்டைக்குள் கண்ணாடி விட்டுக் குரல்நாண்களைப் பார்த்துச் சொன்ன பாட்டு ஆசிரியர் மானுவல் கார்சியா, இந்தப் பருவத்தில் ஓய்வுதான் வேண்டும் என்றார். தொண்டை மருத்துவர் மொரெல் மெக்கன்சி, அளவோடு பாடலாம் என்றார். இன்று இளையோர் கொயர் நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் மெக்கன்சி பக்கம். நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் 'அளவோடு' என்ற சொல்லில்தான் உங்கள் வேலை முழுவதும் இருக்கிறது.

முதலில் தொண்டையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். குரல்வளை வளர்கிறது, அதற்குள் இருக்கும் குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. பையன்களுக்குக் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (ஒரு ச-விலிருந்து அடுத்த ச வரையுள்ள தொலைவு) இறங்குகிறது. குரல்நாண்களை இழுத்துப் பிடிக்கும் தசைகள் புதிய நீளத்துக்குப் பழகச் சில மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். கீச்சென்று போவது அதனால்தான். அது நோயும் அல்ல, பயிற்சிக் குறைவும் அல்ல.

இந்த மாற்றம் ஒழுங்கில்லாமல் நடப்பதும் இல்லை. அமெரிக்க இசைக் கல்வியாளர் ஜான் குக்சி 1970-களின் இறுதியில் இதைப் படிகளாக வகுத்தார். உடையாத குரல், கீபோர்டின் நடுவில் உள்ள சி சுரமான நடு சி-க்குக் கீழே உள்ள ஏ-யில் தொடங்கி மேல் ஸ்தாயி எஃப் வரை போகும். மாற்றம் தொடங்கும்போது முதலில் போவது மேல்சுரங்கள்தான். நடுப்படியில் இருக்கும் பையனுக்கு நடு சி-க்குக் கீழ் எஃப் முதல் அதற்கு மேல் ஏ வரைதான் கிடைக்கும். மாற்றம் ஏறக்குறைய முடிந்த புதுக் குரலோ, நடு சி-க்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள சி-யையும் அதற்கு அடுத்த கீழ் பி-யையும் தொட்டு நிற்கும். மேலே நடு சி-யைத் தாண்டி ஒன்றிரண்டு சுரம் வரும்.

பேஸ் ஏன் வரவில்லை என்பதற்கு விடை இதிலேயே இருக்கிறது. சபையில் பாடும் நான்கு குரல் பாமாலைப் பாட்டுகளின் ராகங்களில் பேஸ் வரி இன்னும் கீழே ஜி வரைக்கும் எஃப் வரைக்கும் இறங்கும். புதுக் குரலுக்கே அது எட்டாத இடம். நடுப்படியில் இருக்கிறவன் அங்கே போக முயன்றால் தொண்டையை அழுத்தி உறுமத்தான் முடியும். உண்மையில் கெடுதல் செய்வது இந்த உறுமலும், மறுபக்கம் பழைய மேல்சுரத்தைக் கத்திப் பிடிப்பதும்தான். தன் எல்லைக்குள் மிதமான சத்தத்தில் பாடுகிற பையனுக்குப் பயப்பட ஒன்றுமில்லை.

அதனால் முதல் வாரமே ஒவ்வொருவரின் எல்லையையும் கண்டுபிடியுங்கள். எல்லோர் முன்னும் ஒருவனை நிற்க வைத்துச் செய்யாதீர்கள். பெண்பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது கண்டிப்பாகக் கூடாது. இரண்டு மூன்று பையன்களாகக் கீபோர்டு பக்கம் கூப்பிடுங்கள். பாட வைக்கும் முன்பு பேச வையுங்கள்: இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்லி, அவன் குரல் எந்தக் கட்டையில் வந்து நிற்கிறது என்று கீபோர்டில் தேடுங்கள். நடு சி-க்குப் பக்கத்தில் நின்றால் பெரும்பாலும் இன்னும் உடையவில்லை. அதற்குக் கீழே ஜி சுற்றிலும் நின்றால் நடுப்படி. இன்னும் கீழே போய் ஒரு ஸ்தாயி கீழ் டி, சி பக்கம் நின்றால் புதுக் குரல். பேசும் சுரத்திலிருந்து கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து மூன்று நான்கு கட்டை கீழேதான் அவன் பாடக்கூடிய கடைசிச் சுரம் இருக்கும். பிறகு 'ஊ' என்று மேலிருந்து கீழே வழுக்கி வரச் சொல்லி மேல் எல்லையையும் பாருங்கள். ஒரு நோட்டில் பெயர், தேதி, கீழ்ச்சுரம், மேல்சுரம் என்று குறித்து வையுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும், ஏனென்றால் சிலருக்கு அதற்குள்ளேயே ஒரு படி தாண்டிவிடும்.

அந்தச் சோதனையின்போதே அவனுக்கு என்ன நடக்கிறது என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். பல பையன்கள் தங்கள் குரல் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டிலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் வாயிலிருந்து அது வருவது அவனுக்குப் பெரிய ஆறுதல்.

இனி, எந்த வரியை யாருக்குக் கொடுப்பது? நடுப்படிப் பையன்களுக்கு ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) வரியின் கீழ்ப்பகுதி அநேகமாகப் பொருந்தும். மேலே போகும் இடங்களை மட்டும் எளிய சுரங்களாக மாற்றிக் கொடுங்கள். ஆனால் 'ஆல்டோவில் நில்' என்று அவனிடம் சொல்லாதீர்கள், அது பெண்பிள்ளைகள் வரி என்று கூசிப்போவான். 'மூன்றாம் குரல்' என்று தனிப் பெயர் கொடுத்து, உங்களுக்கு எதிரே முன்வரிசையில் நிறுத்துங்கள். அமெரிக்காவில் இர்வின் கூப்பர் என்ற ஆசிரியர் இந்தப் பையன்களுக்காகவே தனி வரி எழுத வேண்டும் என்று வற்புறுத்தினார். பாட்டுக்கு ஏற்பக் குரலை வளைக்காமல் குரலுக்கு ஏற்பப் பாட்டை வளைக்க வேண்டும் என்ற அவர் நிலையை நான் முழுமையாக ஏற்கிறேன். புதுக் குரல் பையன்கள் பேஸ் வரியைப் பாடலாம். எட்டாத இடத்தில் ஒரு ஸ்தாயி மேலே எடுத்துக்கொள்ளட்டும்.

அடுத்தது சுருதி. இதில் கர்நாடக சங்கீதம் படித்தவர்கள் கொஞ்சம் விழிப்பாக இருக்க வேண்டும். உங்கள் சுருதி 5 கட்டையோ 5½ கட்டையோ இருக்கும், அதாவது நடு சி-க்குக் கீழே உள்ள ஜி பக்கம். அதே சுருதியில் சிறுபிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், அவர்களின் குரலுக்கு மிகவும் கீழான இடத்தில் எல்லோரும் அழுத்திப் பாடப் பழகிவிடுவார்கள். உடையாத குரல் பிரகாசிப்பது நடு சி-க்கு மேலே. அதனால் 1 அல்லது 2 கட்டையில், அதாவது நடு சி-யிலோ அதற்கு மேல் டி-யிலோ வையுங்கள். 1 கட்டையில் ச முதல் ப வரை ஐந்து சுரத்துக்குள் நிற்கும் மெட்டு என்றால், உடையாத குரலும் நடுப்படியில் பெரும்பாலோரும் ஒரே ஸ்தாயியில் பாடலாம், புதுக் குரல் அதையே ஒரு ஸ்தாயி கீழே பாடலாம். எல்லோரும் சேர்ந்து பாடும் பகுதிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. குரலைத் தயார்செய்யும் பயிற்சியையும் ச-வில் தொடங்கி மேலே ஏற்றாதீர்கள். மெல்லிய 'ஊ'-வில் மேலிருந்து கீழே இறக்குங்கள். ப ம க ரி ச, பிறகு அரைக்கட்டை ஏற்றி மறுபடியும் ப ம க ரி ச. மேலிருந்து வரும்போது பிள்ளைகள் கத்த மாட்டார்கள்.

உங்கள் படிப்பு கைகொடுக்கும் இடமும் இருக்கிறது. தென்மாவட்டச் சபைகளில் சோல்ஃபா (டோ, ரே, மி என்று சுரம் பாடும் முறை) இன்னும் உயிரோடு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வென் பரப்பிய முறை அது; சுரத்துக்கு ஒரு கைச்சைகையும் உண்டு; அதை ஹங்கேரியில் இசையமைப்பாளர் கோதாயும் பள்ளிப் பிள்ளைகளுக்காக எடுத்துக்கொண்டார். அதில் வரும் டோ உங்கள் ச போலவே சுருதிக்குச் சுருதி இடம் மாறும். அதனால் ஒரு வாரத்தில் பிடித்துவிடுவீர்கள். பாட்டுத் தேர்விலும் நான்கு குரல் ஆங்கிலக் கேரல்களை மட்டுமே தேட வேண்டியதில்லை. ஒரு கீர்த்தனையை எடுத்து, புதுக் குரல் பையன்களை ச–ப ஆதாரமாக நிறுத்தி, மூன்றாம் குரலுக்கு நாலைந்து சுரத்தில் ஓர் எளிய வரி போட்டு, மெட்டைச் சின்னவர்களுக்குக் கொடுத்துப் பாருங்கள். இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் (1925–1988) சென்னையில் இளைஞர்களைத் திரட்டி பாரதி பாடல்களைச் சேர்ந்திசையாகப் பாட வைத்தவர். நம் மெட்டுகள் பல குரல்களில் நிற்கும் என்பதற்கு அவர் செய்த வேலையே போதுமான சான்று.

ஒரே சுரத்தில் முனகும் இருவரைப் பற்றி. காது இல்லாத பிள்ளை என்று யாரையும் முடிவுகட்டாதீர்கள். உண்மையிலேயே சுரம் பிரித்தறிய முடியாதவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்குத் தன் குரலை மேலே நகர்த்தத் தெரியாது, அவ்வளவுதான். உங்கள் சுரத்துக்கு அவனை இழுக்காமல், அவன் எந்தச் சுரத்தில் முனகுகிறானோ அதை நீங்கள் பிடியுங்கள். பக்கத்தில் இரண்டு பேரையும் அதே சுரத்தில் சேரச் சொல்லுங்கள். தன் குரல் மற்றவர்களோடு ஒட்டும்போது எப்படி ஒலிக்கிறது என்று அவன் கேட்க வேண்டும், சிலருக்கு அதுவே முதல் முறையாக இருக்கும். அங்கிருந்து அரைக்கட்டை, பிறகு இன்னொரு அரைக்கட்டை. ஆம்புலன்ஸ் சைரன் போல ஒலி எழுப்பச் சொன்னால் குரல் தானாக மேலே போகும். வாரம் ஐந்து நிமிடம் தந்தால் சில மாதங்களில் மாற்றம் தெரியும். அதுவரை நன்றாகப் பாடும் இருவருக்கு நடுவில் நிறுத்துங்கள். ஓரத்தில் ஒதுக்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெண்பிள்ளைகளுக்கும் குரல் மாறுகிறது. ஸ்தாயி அளவுக்கு இறங்காததால் யாரும் கவனிப்பதில்லை. 12 முதல் 14 வயதில் குரல்நாண்களின் பின்பக்கம் முழுதும் மூடாமல் காற்று கசியும், குரல் மங்கலாகும். அதைக் கேட்டு 'நீ ஆல்டோ' என்று முத்திரை குத்திவிட்டால், மேல்சுரம் பழகாமலே போய்விடும். ஒரு பாட்டுக்கு சோப்ரானோ (பெண்களின் மேல்குரல்), அடுத்த பாட்டுக்கு ஆல்டோ என்று மாற்றி மாற்றி நிறுத்துங்கள்.

கை அசைவைப் பற்றி இப்போதைக்கு அதிகம் கவலைப்பட வேண்டாம். நாலடிப் பாட்டுக்கு வலது கை கீழே, உள்ளே, வெளியே, மேலே என்று போனால் போதும். முக்கியமானது முதல் அடிக்கு முந்தைய அசைவு. தாளம் போடும்போது அடி விழும் நேரத்தைக் கை சொல்கிறது. கொயரில் அடி விழுவதற்கு முன்பே மூச்சு எடுக்கும் நேரத்தைக் கை சொல்ல வேண்டும். அந்த ஒரு அசைவிலேயே வேகமும் சத்தமும் தெரிந்துவிட வேண்டும், நீங்களும் பிள்ளைகளோடு சேர்ந்து மூச்சு எடுக்க வேண்டும். பிறகு பாடாதீர்கள். பாடிப் பழகியவர்களுக்கு இது கஷ்டம், ஆனால் நீங்கள் பாடிக்கொண்டிருந்தால் மூன்றாம் வரிசையில் ஒருவன் தொண்டையை அழுத்துவது உங்கள் காதில் விழாது.

பயிற்சி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் தண்ணீரும் இடைவேளையும் இருக்கட்டும். யாருக்காவது கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், பேசும்போதே வலித்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள். 16, 17 வயதாகியும் குரல் இறங்காமல் உச்சத்திலேயே நிற்கும் பையனையும் அவரிடம் அனுப்புங்கள். அவர்களில் பலருக்குப் பேச்சுப் பயிற்சியிலேயே குரல் இயல்புக்கு வந்துவிடும்.

கேரல் ஆராதனைக்கு ஒரு முன்னேற்பாடு மட்டும் செய்யுங்கள். இப்போது நடுப்படியில் இருக்கும் ஒவ்வொரு பையனுக்கும் இரண்டு வரி சொல்லிக் கொடுத்து வையுங்கள், இன்றைய வரி ஒன்று, அடுத்த படிக்கான வரி ஒன்று. ஆராதனைக்கு இரண்டு வாரம் முன்பு எல்லோரையும் மறுபடி எண்ண வைத்துப் பார்த்து, எந்த வரி என்று அன்றைக்கு முடிவு செய்யுங்கள். தனிக்குரல் பாடப் போகிற பையனுக்கு மாற்றாக இன்னொரு பிள்ளையும் தயாராக இருக்கட்டும். அப்படி மாற்ற வேண்டி வந்தால் முதலில் அவனிடமே தனியாகச் சொல்லுங்கள், புது வரியில் அவனுக்கு ஓர் இடம் கொடுத்த பிறகு மற்றவர்களுக்கு அறிவியுங்கள்.